மூக்கர் மோந்து சொன்னால் சரி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் மூக்கர் என்று பெயர். மூக்கு பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண மூக்குதான். கண்ணாடி நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும், அவரும் நடுவிரலால் அதை மேலே தள்ளிக்கொண்டே இருப்பார். பெயர் வந்தது அந்த மூக்கு செய்த வேலையால். அமோனியா ஒரு துளி கசிந்தாலும் தொழிற்சாலையில் மற்ற நூற்றிருபது மூக்குகளுக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் மீனை உறைய வைக்கிற ஆட்கள். மீனைச் சுத்தம் செய்து, துண்டு போட்டு, எடை பார்த்து, பெட்டியில் அடைத்து, மைனஸ் நாற்பது டிகிரியில் வைத்துக் கப்பலுக்கு அனுப்புகிறோம். அந்தக் குளிரை உண்டாக்குவது குழாய்களுக்குள் ஓடும் அமோனியா. குழாய்க்குள் இருக்கும் வரைக்கும் அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. வெளியே வந்தால் ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடும். மனுஷ உடம்பில் ஈரம் இருக்கிற இடங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும்: கண், மூக்கு, தொண்டை, அக்குள். இன்னும் இரண்டொரு இடம் உண்டு, பாதுகாப்பு வகுப்பில் அதைச் சொன்னபோது பெண்கள் எல்லோரும் சிரித்தோம். கொஞ்சமாக இருந்தால் எரியும். நிறைய இருந்தால் நுரையீரல் வெந்துபோகும். அதற்கு மேல் அந்த வகுப்பில் சொல்லவில்லை, மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அத்தான் கம்ப்ரசர் அறையின் தலைமை ஆப்பரேட்டர். நான் அவருடைய கொழுந்தியா, அந்த அறையிலிருந்து முப்பதடி தள்ளிப் பேக்கிங் கூடத்தில் மூன்று மேஜைகளுக்குப் பொறுப்பு. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஆக ஒரே குடும்பத்தில் பேர்போன மூக்குகள் இரண்டு. அதில் ஒன்றுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஏழரைக்கு முப்பத்தெட்டுப் பெண்கள் ரப்பர் பூட்ஸ், வெள்ளைக் கோட்டு, தலைவலை எல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்து வாசலில் பிளாஸ்டிக் திரைக்கு வெளியே நிற்போம். அத்தான் உள்ளே குழாய் வழியே நடப்பார். பதினோரு வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி, குனிந்து ஒரு மோப்பம். பதினோராவது முடிந்ததும் வாசலுக்கு வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். அப்புறம்தான் நாங்கள் உள்ளே போவோம். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஒருமுறை அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர், கசிவைக் கண்டுபிடிக்க இங்கே என்ன ஏற்பாடு என்று கேட்டார். மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஆய்வாளர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கூடத்துச் சுவரில் அதற்கென்று ஒரு பெட்டியும் இருக்கத்தான் செய்தது. வாயுவின் வாடை பட்டால் அலறும் பெட்டி. புதிதாக மாட்டிய மாதத்தில் பதினோரு தடவை அலறியது. தரை கழுவுகிற மருந்துக்கு அலறியது, மேனேஜருடைய மாமனார் சுற்றிப் பார்க்க வந்த அன்று எதற்கென்றே தெரியாமல் அலறியது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி மைதானத்தில் வரிசையாக நிற்க, உள்ளே மேஜை மேல் மீன் இளகிக்கொண்டிருக்கும். மேனேஜருக்கு ரத்த அழுத்தம் வந்தது அந்த மாதத்தில்தான்.

அப்போதுதான் அத்தான், அந்தப் பெட்டி மோந்து சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்டினார். பெட்டி விற்ற கம்பெனிக்காரரையே வரவழைத்தார்கள். அவர் வராந்தாக் கடைசியில் போய் நின்று சின்னப் புட்டி ஒன்றைத் திறந்தார். அத்தான் முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புட்டி திறந்த கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கிவிட்டார். பெட்டி வாயைத் திறக்க அதற்கு மேலும் இரண்டு நிமிடம் ஆனது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே, எங்கள் வீட்டு ஆள் அல்லவா. மறுநாள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் அது தலைவலை மாட்டும் கொக்கியாக இருந்தது.

வீட்டில் அந்த மூக்கோடு குடித்தனம் நடத்தியது என் அக்கா. இருபத்தாறு வருடம். ரொட்டி நேற்றையது என்பார், மாடி வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பார், உன் தம்பி சிகரெட் பிடிக்கிறான் என்பார். மூன்றும் உண்மையாக இருக்கும், அதுதான் எரிச்சல். மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று அக்கா என்னிடம் புலம்பாத வாரம் இல்லை.

போன வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எட்டு நாள். போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அக்கா கண்டுபிடித்தது பாலால். அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கறுத்துப் புகை கிளம்பியிருக்கிறது. இவர் நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அக்காவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது, பிறகுதான் பயம் வந்தது. கண்ணைத் துண்டால் கட்டி உட்காரவைத்து ஒவ்வொன்றாக மூக்கடியில் நீட்டினாள். வெங்காயம், சோப்பு, மண்ணெண்ணெய். கடைசியில் அவருடைய சாக்ஸ். அதற்கும் அசையவில்லை என்றதும் அக்கா சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர், வாசனை நரம்பு செத்துப்போயிருக்கிறது என்றார். பத்து மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எரிச்சலைச் சொல்வது வேறு நரம்பு, அது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதாவது அமோனியா பலமாக வந்தால் மூக்கும் கண்ணும் எரிவது இவருக்குத் தெரியும், லேசாக வந்தால் ஒன்றும் தெரியாது. அத்தான் அதில் முதல் பாதியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். பிள்ளைகள் தலையில் அடித்து அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று. அக்கா பத்தொன்பது நாள் மூச்சு விடவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை. இருபதாம் நாள் எனக்குப் போன் போட்டு, உன்கிட்ட மட்டும்தான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

போனை வைத்துவிட்டு விரல் விட்டு நாளை எண்ணினேன். அவருக்காக இரக்கப்பட்டு எண்ணவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் நான் அந்தக் கட்டை விரலைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே போயிருக்கிறேன்.

மறுநாள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவரை மடக்கினேன். மழுப்புவார் என்று நினைத்தேன், இல்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புத் தாள் துண்டுகளை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்களே, அந்த லிட்மஸ் தாள். தண்ணீரில் நனைத்து இரண்டு விரலுக்கு நடுவில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் இப்போது ஒவ்வொரு வால்வு முன்னாலும் குனிகிறாராம். அமோனியா இருந்தால் தாள் நீலமாகும். மோப்பம் பிடிப்பதெல்லாம் வெறும் நடிப்பு.

நான் சத்தம் போட வந்தவள். தாளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அப்ப இதையே எல்லாருக்கும் காட்டிச் செய்ய வேண்டியதுதானே அத்தான்? எதுக்கு ஒளிக்கிறீங்க?"

கண்ணாடியை மேலே தள்ளினார். "அந்தப் பெட்டிய ஜெயிச்சது நான். இப்ப நானே போய் அதைத் திரும்ப மாட்டுங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவ்வளவுதான் விஷயம். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, அவர் அளவுக்கு அந்த இயந்திரங்களை ஓட்டத் தெரிந்த ஆள் எங்களிடம் கிடையாது. முப்பத்தெட்டுப் பெண்களுடைய நுரையீரல் ஒரு பக்கம், ஒரு பெட்டியிடம் தோற்றுவிடக்கூடாது என்பது மறு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு அந்த மனுஷன் ராத்திரி தூங்கவும் செய்தார். பத்து மாதத்தில் மூக்கு வந்துவிடும் என்றார். மாதக் கடைசி வரை பார்ப்பேன், அதற்குள் நீங்கள் மேனேஜரிடம் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். மாதக் கடைசி வந்தது. அக்காவின் பெரிய பெண்ணுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, இந்த நேரத்தில் வீட்டில் ரகளை வேண்டாம் என்று அக்கா கெஞ்சினாள். பரீட்சை முடிந்தது. அப்புறம் வேறொன்று வந்தது. அவருக்கு ஒரு சாக்கு என்றால் எனக்கும் ஒரு சாக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூக்கு இருந்த காலத்தில் அவர் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததில்லை. தினம் ஒரு தடவை நடந்தவர் மூன்று தடவை நடந்தார். பழைய மாஸ்க்குகளின் வடிகட்டியை எல்லாம் மாற்றவைத்தார். கண் கழுவுகிற குழாய்க்கு முன்னால் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளைத் தானே தூக்கி அப்புறப்படுத்தினார். மேனேஜர் பூரித்துப்போய் அவர் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஆனால் தாள் அவர் நீட்டுகிற இடத்தில் இருக்கும் வாயுவை மட்டும்தான் சொல்லும். முன்பெல்லாம் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் திருப்பி, ஆறாவது வால்வு என்பார். அதைத் தாளால் செய்ய முடியாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மேஜையைப் பின் கதவுப் பக்கம் மாற்றிக்கொண்டேன். அந்தக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். இடுப்பில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. அமோனியா தண்ணீரைக் கண்டால் அதில் கரைந்துவிடும், மூக்கில் ஈரத் துணி இருந்தால் ஓடுகிற நேரமாவது தாங்கும். என் பழைய மேஜைக்குப் பக்கத்து மேஜைக்காரிக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓய்ந்தால் தூங்குகிறாள் என்று அர்த்தம். காற்று வாங்கப் போகிறாயா, வயசாகிவிட்டதா, இடுப்பில் என்ன ஈரத்துணி, பிள்ளை பெற்றிருக்கிறாயா என்று ஒரு வாரம் என்னை வைத்தே கூடத்தைச் சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன்.

அக்கா சொன்னதிலிருந்து நாற்பத்து மூன்றாம் நாள். காலையில் பதினோரு வால்வுக்கும் தாள் சிவப்பாகவே இருந்திருக்கிறது, கட்டை விரலும் ஒழுங்காகத் தூக்கப்பட்டது. பத்து மணிக்கு மேல் பெரிய ஃப்ரீசரில் பனி உருக்கினார்கள். குழாய்க்குள் கட்டியிருக்கும் பனியை இளக்கச் சூடான வாயுவை உள்ளே விடுவார்கள், குளிர்ந்த குழாய் திடீரென்று சூடானதில் தடதடவென்று உதறும். அது வாரா வாரம் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அந்த உதறலில் ஃப்ரீசர் கதவுக்கு மேலே ஒரு வால்வின் தண்டைச் சுற்றி, வாயு கசியாமல் இருக்க அடைத்திருந்த கயிறு நைந்து விட்டுவிட்டது.

முதலில் வாடை வந்தது ஃப்ரீசர் பக்கத்து மேஜைகளுக்கு. அங்கே இருந்த பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஒருத்தி தும்மினாள். கத்தியைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பினார்கள்.

கூடத்தின் அந்தக் கோடியில் அத்தான் நின்றிருந்தார். வெளிக்காற்று உள்ளே வருகிற விசிறிக்கு அடியில், வெப்பமானிப் பலகையைப் பார்த்து நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். விசிறிக் காற்று வாடையை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டுபோனது. பழைய மூக்காக இருந்தால் அதையும் மீறித் தெரிந்திருக்கும். அவர் நிதானமாக ஒரு எண்ணை எழுதினார், பேனாவை உதறினார், அடுத்த எண்ணை எழுதினார்.

அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் திரும்பக் கத்தியை எடுத்தார்கள்.

கண்ணில் தண்ணீர் வழிகிறது, புறங்கையால் துடைத்துக்கொண்டு மீன் வெட்டுகிறார்கள். தரை மருந்தாக இருக்கும் என்றாள் ஒருத்தி. வாடை வரத்தான் செய்கிறது, ஆனால் மூக்கர் இருக்கிறாரே, அவருக்குத் தெரியாததா என்றாள் இன்னொருத்தி. முப்பத்தெட்டுப் பேருக்கும் வேலை செய்கிற மூக்கு இருந்தது. யாரும் அதை நம்பவில்லை, வேலை செய்யாத ஒரே மூக்கை நம்பிக்கொண்டு இருந்தார்கள்.

நான்? நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடை பின் கதவு வரை வந்துவிட்டது, இது தரை மருந்து இல்லை என்று எனக்குத் தெரியும். எழுந்து கத்தினால் ஏன் கத்தினாய் என்று கேட்பார்கள். மூக்கர் சும்மா நிற்கும்போது உனக்கு மட்டும் என்ன வந்தது என்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிவரும், அக்கா என்னைக் கொன்றுபோடுவாள். திரும்புங்கள் அத்தான், ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஈரத் துண்டை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

ஃப்ரீசர் பக்கத்து மேஜையில் ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னை எழுப்பியது. பார்த்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. அவள் தலைக்கு மேலே வெள்ளையாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

நான் நாற்காலி மேல் ஏறினேன்.

"எந்திரிங்கடி எல்லாரும்! அவருக்கு மூக்கு செத்துப்போய் ரெண்டு மாசமாச்சு. அவரப் பாக்காதீங்க, வெளிய ஓடுங்க!"

அப்போதும் ஒரு கணம் அவர்கள் அவரைத்தான் பார்த்தார்கள். அத்தான் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு அவர் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. விசிலை ஊதினார், மாஸ்க்கை மாட்டினார், துணை ஆப்பரேட்டரை வாசலில் நிறுத்திவிட்டு வராந்தாவில் இருக்கிற பெரிய வால்வை மூடினார். பின் கதவு வழியாக நாங்கள் வெளியே வந்தோம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கூரையில் கட்டிய துணிப்பையைப் பார்த்துக் காற்றுக்குக் குறுக்கே ஓடினோம். ரேடியோவை நானும் இன்னொருத்தியும் இழுத்து வந்தோம். கண் கழுவுகிற குழாய் இரண்டுதான், ஆள் முப்பத்தெட்டு. மைதானத்துத் தோட்டக் குழாயையும் திறந்துவிட்டோம். கண்ணை விரலால் பிரித்துக் கால்மணி நேரம் தண்ணீர் விடவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், கால்மணி நேரம் எவ்வளவு நீளம் என்று சொல்லியிருக்கவில்லை. மூக்கில் வேர்த்தாற்போல மேனேஜர் எல்லாம் முடிந்த பிறகு வந்து, எத்தனை பெட்டி மீன் உள்ளே இருக்கிறது என்று கேட்டார். 

ஆறு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்து பேர் மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரேடியோ ஒன்பது நாள் கிடந்தாள். தொண்டை புண்ணாகிக் குரல் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது, பழையபடி ஆகாது என்கிறார் டாக்டர். நாலாம் நாள் நான் பார்க்கப் போனேன். கையசைத்து என்னைக் குனியச் சொன்னாள்.

"அதுக்காகத்தான் மேஜைய மாத்திக்கிட்டியா?"

ஆமாம் என்றேன்.  அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாங்கிப்போன பழங்களை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா என்னோடு பேசவில்லை. என் புருஷன் மானத்தைக் கூடத்தில் வைத்து வாங்கிவிட்டாயே, தனியாக அவர் காதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினாள். தனியாகச் சொல்லி நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

 ஆறாம் நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தான் கையில் ஒரு காகிதத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விபத்து அறிக்கை எழுத வேண்டியவர் அவர்தான், நிமிடம் நிமிடமாக எழுத வேண்டும். மேனேஜரிடம் மூக்கு விஷயத்தை அன்றைக்கு மாலையே தானாகப் போய்ச் சொல்லிவிட்டிருந்தார், அதையும் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக இருந்தது.

பனி உருக்க ஆரம்பித்தது பத்து இருபத்திரண்டு என்று வாசித்தார். முதல் வாடை எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது, பத்து இருபத்து மூன்று என்றேன். நான் கத்தியது இருபத்தேழு. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனா நின்றுவிட்டது.

"நடுவுல நாலு நிமிஷம் இருக்கே. வாடை தெரிஞ்ச பிறகு நாலு நிமிஷம். அத்தனை பேரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதற்காகக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"உங்களப் பாத்துக்கிட்டு இருந்தோம் அத்தான்."

அவர் அதை எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களுக்கு யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து இடம் விட்டு எழுந்து போனார்கள். நான் அவர் முதுகில் கை வைத்தேன். அவர் மேல் எனக்கு அப்போதும் கோபம்தான், என் மேல் அதைவிட அதிகமாக இருந்தது.

பெட்டிக்கு ஒயரைத் திரும்ப இணைத்தார்கள். புதிதாக இன்னும் மூன்று பெட்டிகள் வந்தன. அவருடைய படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று மாதச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லை. அவரைப் போல இயந்திரம் தெரிந்த ஆள் இப்போதும் எங்களிடம் இல்லை. லிட்மஸ் தாளைக் கையில் எல்லோருக்கும் தெரியப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு வால்வுக்கும் போகிறார்.

திரும்ப வேலை ஆரம்பித்த முதல் நாள் காலை நாங்கள் பிளாஸ்டிக் திரைக்கு வெளியே நின்றோம். பெட்டிகள் நான்கிலும் பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். உண்மை தெரிந்த பிறகும், ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும், கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. ரேடியோகூட, அந்தக் குரலோடு வந்து நின்றவள், அவரைத்தான் பார்த்தாள்.

அத்தான் எங்களைப் பார்த்தார்.  நடந்துபோய்ச் சுவர் ஓரமாக, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, முகம் சுவருக்கு ஒரு அடியில், எங்களுக்கு முதுகு மட்டும் தெரிகிற மாதிரி. மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டும் அசையவில்லை. இன்று வரைக்கும் தினமும் காலையில் நாங்கள் உள்ளே போகிற நேரத்தில் அவர் அப்படித்தான் நிற்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ஏதோ தப்பு செய்துவிட்டு நிற்கிறார்போல என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்கிறோம்.

அன்றைக்கு வெகுநேரம் நின்றோம். பிறகு ரேடியோதான் முதலில் திரையை விலக்கி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, மூச்சை இழுத்து மோந்தாள். உள்ளே போனாள். அடுத்தவள் மோந்துவிட்டுப் போனாள். என் முறை வந்தபோது நானும் மோந்து பார்த்தேன், மீன் நாற்றம் மட்டும்தான் இருந்தது.